படப் புத்தகங்கள் வழியே ஆஸ்திரேலியப் பூர்வகுடி வரலாறு: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரேலியத் தேசியப் பாடத்திட்டத்தில் பூர்வகுடி மக்கள், டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் ஆகியோரின் வரலாறும் பண்பாடும் ஒரு தனிப் பாடமாக ஒதுக்கப்படவில்லை. எல்லாப் பாடங்களிலும் ஊடாக வரவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 1788இல் பிரிட்டனிலிருந்து கைதிகளோடு வந்த முதல் கப்பற்படையின் வருகையைப் பூர்வகுடி மக்கள் படையெடுப்பாகவே பார்த்தார்கள் என்பது நான்காம் வகுப்பிலேயே வருகிறது. பிள்ளை வீட்டுக்கு வந்து கேள்வி கேட்கும்போது பதில் சொல்லப் பெரும்பாலான தமிழ்ப் பெற்றோருக்கு அடிப்படை இல்லை, ஏனென்றால் நாம் படித்த பள்ளிகளில் இது இல்லை. வகுப்பாசிரியர்கள், வார இறுதித் தமிழ்ப்பள்ளிகளில் கற்பிப்போர், வீட்டில் சேர்ந்து படிக்கும் பெற்றோர் ஆகியோரை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

வரலாற்றுக்கு ஏன் படப் புத்தகம்? பாடப் புத்தகம் போதாதா?

பாடப் புத்தகம் 'யார், எப்போது, எங்கே' என்பதைச் சொல்லும். படம் அதோடு நிற்காது. பார்க்கிறவரை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். 1788 ஜனவரி 26 அன்று சிட்னிக் குடாவில் கப்பல்கள் நங்கூரமிட்டதை வரைந்தால், அந்தக் காட்சியைக் கப்பல் தளத்திலிருந்து வரையலாம். கரையில் நிற்கும், அந்த மண்ணின் பூர்வகுடிகளான காடிகல் மக்களில் ஒரு குடும்பத்தின் தோளுக்குப் பின்னாலிருந்தும் வரையலாம். இரண்டு படத்திலும் தேதி ஒன்றுதான், ஆனால் பிள்ளைக்குள் போய்ச் சேரும் வரலாறு வேறு வேறு. எட்டு வயதுப் பிள்ளையிடம் 'வரலாற்றுப் பார்வை' என்று விளக்கினால் புரியாது. 'இந்தப் படத்தைப் பார்க்கும் நீ எங்கே நிற்கிறாய், கப்பலிலா கரையிலா?' என்று கேளுங்கள், உடனே பதில் வரும். கீழே உள்ள எல்லாமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

எந்த வயதில் தொடங்கலாம்? எதை எப்போது சொல்வது?

ஐந்து வயதிலேயே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஆனால் துயரத்திலிருந்து தொடங்கக் கூடாது. 5 முதல் 7 வயது வரை மண், குடும்பம், பருவங்கள், உணவு, விண்மீன்கள், மொழிகள். இன்று வாழும் குடும்பங்களைக் காட்டும் புத்தகங்கள் இந்த வயதில் கட்டாயம். இதைத் தவறவிட்டால், பூர்வகுடி மக்கள் என்றாலே 'முன்னொரு காலத்தில் இருந்தவர்கள்' என்று மனதில் பதிந்துவிடும். பிறகு அதை அழிப்பது மிகவும் கடினம்.

8 முதல் 10 வயதில் கப்பல்களின் வருகை, 1789 ஏப்ரலில் சிட்னிப் பகுதியில் பரவிய பெரியம்மை, நிலம் பறிபோனது, எதிர்த்துப் போராடியவர்கள். 11, 12 வயதில் திருடப்பட்ட தலைமுறை (குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள்), பூர்வகுடி மக்கள் பற்றிய 1967 வாக்கெடுப்பு, அவர்களின் நில உரிமையை ஏற்ற மாபோ தீர்ப்பு. படுகொலைகளும், 1950களில் பிரிட்டன் நடத்திய மரலிங்கா அணுகுண்டுச் சோதனைகளும் 13 வயதுக்கு மேல். இது கறாரான எல்லைக்கோடு அல்ல; ஒரு பிள்ளை முன்கூட்டியே கேட்டால் மழுப்பாமல் இரண்டு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

கையில் இருக்கும் புத்தகம் நம்பத்தக்கதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அட்டையைப் பார்க்காதீர்கள். பதிப்பு விவரம் அச்சான பக்கத்தைத் திறங்கள். எழுதியவர், வரைந்தவர் பெயருக்குப் பக்கத்தில் அவர்களுடைய மக்களின் பெயர் இருக்கிறதா? 'ஒரு பூர்வகுடிக் கதை' என்று மட்டும் இருந்தால் அது பலவீனமான புத்தகம். 'யோல்ங்கு', 'விராஜுரி', 'ஙாரிண்ஜெரி' என்று குறிப்பாக இருக்க வேண்டும். 1788இல் இந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. 'ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கதை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது 'ஆசியக் கதை' என்று சொல்வதைப் போலத்தான்.

அடுத்தது அனுமதி. மரபுக் கதைகளுக்கும் வடிவங்களுக்கும் உரிமையாளர்கள் உண்டு. எந்த மூத்தவர் சொன்னார், எந்தச் சமூகம் ஒப்புதல் தந்தது, புத்தக வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா என்பதை நல்ல பதிப்பகங்கள் அச்சிட்டே தருகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரிலுள்ள மகபாலா புக்ஸ் பூர்வகுடி மக்களே நடத்தும் பதிப்பகம். கான்பராவில் உள்ள பூர்வகுடி ஆய்வு நிறுவனமான அயாட்சிஸ், அபொரிஜினல் ஸ்டடீஸ் பிரஸ் என்ற பெயரில் வெளியிடுகிறது. இவற்றிலிருந்து தொடங்கினால் பாதி வேலை மிச்சம்.

பிறகு படங்களுக்கு வாருங்கள். பக்கங்களைப் புரட்டி மூன்றைக் கவனியுங்கள். மனிதர்களுக்கு முகமும் பெயரும் இருக்கிறதா, அல்லது தொலைவில் ஈட்டியோடு நிற்கும் நிழல்கள் மட்டும்தானா? எல்லாரும் அரைநிர்வாணமாகப் பாலைவனத்தில்தான் இருக்கிறார்களா, நகரத்தில் வாழும் யாராவது உண்டா? இடத்துக்கும் பொருளுக்கும் பொருத்தம் இருக்கிறதா? டிஜெரிடூ வட ஆஸ்திரேலியாவின் இசைக்கருவி. 1788இல் சிட்னிக் கரையில் ஒருவர் அதை ஊதுவதாக வரைந்திருந்தால் ஓவியர் எதையும் விசாரிக்கவில்லை என்று பொருள்.

கடைசியாக வினைச்சொற்களைப் பாருங்கள். 'வாழ்ந்தார்கள், வேட்டையாடினார்கள், நம்பினார்கள்' என்று எல்லாமே இறந்தகாலத்தில் முடிந்தால் அந்தப் புத்தகம் ஒரு மக்களைப் புதைத்துவிட்டுப் பேசுகிறது.

பூர்வகுடி அல்லாதவர் எழுதிய புத்தகங்களை ஒதுக்கிவிட வேண்டுமா?

தேவையில்லை. ஆனால் அது எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

நாடியா வீட்லி எழுதி டோனா ராவ்லின்ஸ் வரைந்த 'மை பிளேஸ்' 1988இலிருந்து பத்துப் பத்து ஆண்டாகப் பின்னோக்கி 1788 வரை போகிறது. ஒரே இடம், ஒவ்வொரு பத்தாண்டிலும் அங்கே வாழும் வேறொரு பிள்ளை அந்த இடத்துக்கு வரைபடம் போடுகிறது. முதல் பிள்ளையும் கடைசிப் பிள்ளையும் பூர்வகுடிப் பிள்ளைகள். 9 முதல் 12 வயதுக்கு இதைவிட எளிதாகக் காலத்தைக் காட்டும் கருவி அரிது. நடுவே உள்ள வரைபடங்களை வரிசையாக ஒட்டி, நீரோடைக்கும் பெரிய மரத்துக்கும் என்ன ஆயிற்று என்று மட்டும் தேடச் சொன்னாலே ஒரு வகுப்பு போய்விடும்.

ஜான் மார்ஸ்டன் எழுதி ஷான் டான் வரைந்த 'தி ராபிட்ஸ்' 1998இல் வந்தது. குடியேறியவர்களை முயல்களாக உருவகித்த புத்தகம். படங்கள் அசாதாரணமானவை. ஆனால் விலங்குகள் வருவதால் சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம் என்று நினைத்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துவிடுகிறார்கள். அது உயர்நிலை வகுப்புகளுக்கு உரியது. இன்னொரு குறை, அதில் மண்ணின் உயிர்கள் தோற்றுக்கொண்டே இருக்கின்றன. அதை மட்டும் படிக்கும் பிள்ளை, பூர்வகுடி மக்கள் கையாலாகாமல் நின்றார்கள் என்று முடிவு கட்டிவிடும். எனவே அதே வாரத்தில் போராடி வென்ற கதை ஒன்றையும் வையுங்கள். 1966 ஆகஸ்ட் 23 அன்று வேவ் ஹில் மாட்டுப் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் சுமார் 200 குரிண்ஜி தொழிலாளர்களும் குடும்பத்தினரும் வெளியேறினார்கள். ஒன்பது ஆண்டுக்குப் பின், 1975 ஆகஸ்ட் 16 அன்று, பிரதமர் விட்லம் லிங்கியாரியின் உள்ளங்கையில் மண்ணை ஊற்றி நிலத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார். பிள்ளைகள் மறக்காத காட்சி அது.

சமூகமே சேர்ந்து உருவாக்கிய புத்தகத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், 2001இல் வந்த பாபுன்யா பள்ளியின் மண்ணும் வரலாறும் பற்றிய நூல். மத்தியப் பாலைவனத்தில் உள்ள அந்தப் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் ஓவியங்களோடு தங்கள் வரலாற்றைத் தாங்களே சொல்கிறார்கள்.

65,000 ஆண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

கயிறுதான் சிறந்த வழி. ஒரு மீட்டருக்கு 1,000 ஆண்டு. 65 மீட்டர் நீளக் கட்டடக் கயிறு போதும். பருத்தி நூல் வேண்டாம், இழுத்தால் நீளும், அளவு தப்பும். துணிக் கிளிப்புகளில் அட்டைகளை மாட்டுங்கள்.

இன்றைய முனையிலிருந்து அளந்தால் அடையாளங்கள் இப்படி வரும். 65 மீட்டரில், வட ஆஸ்திரேலியாவில் உள்ள ஆர்ன்ஹெம் லேண்டின் மஜெட்பெபெ பாறைக் குகையில் கிடைத்த கோடரிகளும் காவிக்கல்லும். (இந்தக் காலக் கணிப்பைச் சில ஆய்வாளர்கள் 50,000 ஆண்டுக்கு அருகே வைக்கிறார்கள், பெரிய பிள்ளைகளிடம் அதையும் சொல்லலாம்.) சுமார் 42 மீட்டரில் முங்கோ ஏரிக்கரையில் எரியூட்டி அடக்கம் செய்யப்பட்ட பெண். 20 மீட்டரில் வில்லாண்ட்ரா ஏரிப் பகுதிச் சேற்றில் பதிந்த மனிதக் காலடித் தடங்கள். 17.3 மீட்டரில் கிம்பர்லிப் பாறையில் வரைந்த கங்காரு ஓவியம். 12 மீட்டரில் கடல் உயர்ந்து டாஸ்மேனியா தீவானது. 6.6 மீட்டரில் குண்டிஜ்மாரா மக்கள் விலாங்கு மீன் பிடிக்க எரிமலைக் கற்களால் கால்வாய் வெட்டிய பஜ் பிம். தமிழ்ப்பள்ளியானால் 2.6 மீட்டரில் கீழடி அட்டையையும் மாட்டுங்கள். பிள்ளைகள் அதுவரை 'மிகப் பழையது' என்று கேட்டிருந்தது எங்கே வருகிறது என்று தாங்களே பார்ப்பார்கள். முதல் கப்பற்படை 24 சென்டிமீட்டரில்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, இன்றைய முனையிலிருந்து நடக்கத் தொடங்குவது. பழைய முனையிலிருந்து நடந்து வந்தால்தான் கடைசி ஒரு சாணுக்குள் கப்பல் வருவது உறைக்கும். இரண்டு, நடுவில் எதுவும் மாட்டாமல் விடுவது. வெறும் கயிறு, 'அத்தனை ஆண்டும் ஒன்றுமே நடக்கவில்லை' என்ற தப்பான பாடத்தைத்தான் சொல்லும். இடம் இல்லையென்றால் 1,000 ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வைத்து 6.5 மீட்டரில் செய்யலாம்.

ஒரு வகுப்பை எப்படி அமைப்பது?

45 நிமிட வகுப்புக்கு ஒரு புத்தகத்திலிருந்து நான்கு படங்களுக்கு மேல் வேண்டாம். முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் வாசிப்பதுதான் பெரும்பாலான வகுப்புகள் சப்பென்று முடிவதற்குக் காரணம்.

முதல் ஐந்து நிமிடம் வரைபடம். அயாட்சிஸ் வெளியிட்ட பூர்வகுடி மொழி, இன வரைபடத்தில் கதை நடக்கும் இடத்தையும் பள்ளி இருக்கும் இடத்தையும் காட்டுங்கள். அடுத்த பத்து நிமிடம் படம் மட்டும், எழுத்தை ஒட்டுத்தாளால் மறைத்துவிட்டு. இருபது பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் புத்தகத்தைத் தூக்கிக் காட்டிப் பயனில்லை. கடைசி வரிசைக்கு நிறம் மட்டும்தான் தெரியும். திரையில் போடுங்கள். கேட்கவேண்டியவை: யார் இருக்கிறார்கள்? யார் படத்துக்கு வெளியே விடப்பட்டார்கள்? யாருடைய முகம் தெரிகிறது, யாருடைய முதுகு தெரிகிறது? நீ எங்கே நிற்கிறாய்? பிறகு பன்னிரண்டு நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் பேச்சு, மிச்சத்தில் ஒரே ஒரு படத்தை எதிர்ப்புறத்திலிருந்து வரையச் சொல்லுங்கள்.

இதைப் பழக ஒரு பழைய ஓவியம் நன்றாக உதவும். இமானுவேல் பிலிப்ஸ் ஃபாக்ஸ் 1902இல் வரைந்த, கேப்டன் குக் பாட்டனி குடாவில் இறங்கும் காட்சி. எத்தனையோ பாடப் புத்தகங்களில் அச்சானது. நடுவில் குக். துப்பாக்கி ஏந்திய வீரர்களைச் சுடவேண்டாம் என்று கைநீட்டித் தடுக்கிறார். கொடி பறக்கிறது. எதிர்த்து நிற்கும் இரண்டு பூர்வகுடி ஆண்கள் பின்னால், தொலைவில், கட்டைவிரல் அளவில் இருக்கிறார்கள். இப்போது 1770இல் குக் எழுதிய நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் நடுவே ஒரு முறை சுட்டதாகவும், அவர்களில் ஒருவர் கல்லை எறிந்ததும் சிறு குண்டுகளால் மறுபடி சுட்டதாகவும், அவற்றில் சில ஒருவர்மேல் பட்டதாகவும், அவர் ஓடாமல் கேடயத்தை எடுத்துக்கொண்டதாகவும் குக் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். நடந்து 132 ஆண்டுக்குப் பிறகு வரைந்தவர் சுட்டவரைத் தடுப்பவராக மாற்றிவிட்டார். பத்து வயதுப் பிள்ளைகள் இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால், அதன்பிறகு எந்தப் படத்தையும் சும்மா பார்க்க மாட்டார்கள்.

பிள்ளைகளும் பெரியவர்களும் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் செய்திகள் எவை?

குக்கும் முதல் கப்பற்படையும் ஒன்றல்ல. குக் வந்தது 1770. அவர் 1779இல் ஹவாயில் கொல்லப்பட்டார். 1788இல் கைதிகளோடு வந்தவர் ஆர்தர் பிலிப்.

1967 மே 27 வாக்கெடுப்பு பூர்வகுடி மக்களுக்கு வாக்குரிமை தந்தது என்று பல புத்தகங்களில்கூட இருக்கிறது. அது தவறு. நாடாளுமன்றத் தேர்தல் வாக்குரிமை 1962லேயே சட்டமானது. 1967இல் நடந்தது இரண்டு: அவர்களுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடைத்தது, மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற பிரிவு நீங்கியது. 90.77 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். 'அதுவரை தாவர விலங்குச் சட்டத்தின் கீழ் வைத்திருந்தார்கள்' என்பதும் பரவலான கதை. அப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை.

டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் தனி மக்கள், தனிப் பண்பாடு, தனிக் கொடி. 1992 ஜூன் 3 அன்று 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்ற சட்டப் பொய்யை உயர் நீதிமன்றத்தில் உடைத்த வழக்கு அவர்களில் ஒருவரான எடி மாபோவின் பெயரால் அறியப்படுவது. தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் இறந்துவிட்டார்.

பூர்வகுடிக் கொடி வரையும்போது மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம். தலைகீழாக ஒட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 1971இல் ஹெரால்ட் தாமஸ் வடிவமைத்த அந்தக் கொடியை 2022 முதல் யாரும் அனுமதி வாங்காமல் பயன்படுத்தலாம்.

பூர்வகுடி மக்கள் தமிழர்களின் உறவினர், குமரிக்கண்டத்திலிருந்து போனவர்கள் என்கிறார்களே, வகுப்பில் சொல்லலாமா?

வேண்டாம். கடலில் மூழ்கிய அப்படியொரு கண்டத்துக்கு நிலவியலில் இடமில்லை. சுமார் 4,000 ஆண்டுக்கு முன் இந்தியாவிலிருந்து மரபணுக் கலப்பு நடந்திருக்கலாம் என்று 2013இல் ஓர் ஆய்வு சொன்னது உண்மை. 2016இல் வந்த விரிவான மரபணு ஆய்வுகளில் அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. மொழி உறவும் நிறுவப்படவில்லை.

ஆய்வு ஒருபுறம் இருக்கட்டும். தங்கள் மண்ணிலேயே தோன்றியவர்கள் என்று சொல்லும் மக்களிடம் 'நீங்கள் எங்களிடமிருந்து வந்தவர்கள்' என்று சொல்வது, அவர்கள் வரலாற்றை இன்னொரு முறை எடுத்துக்கொள்வதாகும். அன்போடு சொன்னாலும் அதுதான் நடக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க உண்மையான ஆசியத் தொடர்பு ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவைச் சேர்ந்த மக்காசர் மாலுமிகள் கடலட்டை எடுக்க ஆண்டுதோறும் ஆர்ன்ஹெம் லேண்டுக்கு வந்து யோல்ங்கு மக்களோடு வணிகம் செய்தார்கள். அரசு தடுத்து 1907இல் அது நின்றது. அவர்கள் தங்கிய கடற்கரைகளில் அவர்கள் கொண்டுவந்த புளியின் விதையிலிருந்து முளைத்த புளியமரங்கள் இன்றும் நிற்கின்றன.

'கனவுக்காலக் கதைகள்' வரலாற்றுப் பாடத்தில் சேருமா?

முன்னோர்கள் மண்ணையும் உயிர்களையும் உருவாக்கியதைச் சொல்லும் பூர்வகுடி மரபுக் கதைகள் இவை. பாடத்தில் சேரும், அம்புலிமாமாக் கதைபோல் அல்ல. அவற்றில் சட்டம், நிலத்தின் எல்லை, நீர் இருக்கும் இடம், யார் யாரை மணக்கலாம் என்பதெல்லாம் அடங்கியிருக்கின்றன. இன்றும் நடைமுறையில் உள்ளன. 'கற்பனைக் கதை', 'புராணக் கட்டுக்கதை' என்று அறிமுகப்படுத்தாதீர்கள். 'அந்த மக்கள் தங்கள் மண்ணைப் பற்றிச் சொல்வது' என்றால் போதும். முடிவை மாற்றி எழுதச் சொல்லும் பயிற்சியும் 'நீயே ஒரு கனவுக்காலக் கதை எழுது' என்ற பயிற்சியும் கூடாது.

திருடப்பட்ட தலைமுறையைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிட மாட்டார்களா?

பயப்படுவார்கள். அதனால் தயாரிப்போடு சொல்லவேண்டும். 1910க்கும் 1970க்கும் இடையில் பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை குடும்பத்திலிருந்து அகற்றப்பட்டிருக்கலாம் என்று 1997இல் வெளியான விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. கெம்ப்சி அருகே இருந்த கின்செலா சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளைப் பெயருக்குப் பதில் எண்ணால் அழைத்தார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

பிள்ளையின் முதல் கேள்வி 'என்னையும் கொண்டுபோவார்களா?' என்பதுதான். புத்தகத்தைத் திறக்கும் முன்பே அதற்குப் பதில் சொல்லிவிடுங்கள்: அந்தச் சட்டங்கள் இப்போது இல்லை. 'பெற்றோர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையா?' என்பது அடுத்த கேள்வி. இதை விட்டுவிட்டால் பழி தாய்மார்மேல் போய் விழும். பூர்வகுடிப் பிள்ளை என்பதற்காகவே எடுத்துச் செல்லச் சட்டம் இடம் கொடுத்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். போன பிள்ளை திரும்பி வரும், அல்லது பெரியவராகித் தன் குடும்பத்தைத் தேடும் கதையைத் தேர்ந்தெடுங்கள். 'நீ அந்தப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கடிதம் எழுது' என்ற பயிற்சியைத் தவிருங்கள். வகுப்பில் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கலாம். போரில் உறவைத் தொலைத்த ஈழத்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கலாம். அவர்களுக்கு அது பயிற்சி அல்ல. இந்தப் பாடத்தை வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாட வேளையில் வைக்காதீர்கள். மறுநாள் அந்தப் பிள்ளையைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்க வேண்டும்.

படுகொலைகளை எப்படிச் சொல்வது?

13 வயதுக்கு மேல், ஒரே ஒரு நிகழ்வை எடுத்து முழுதாக. 1838 ஜூன் 10, நியூ சவுத் வேல்சின் மயால் கிரீக்: குறைந்தது 28 விராயாராய் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் குற்றவாளிகளில் ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இப்படித் தண்டனை கிடைத்தது மிக அபூர்வம் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், சட்டம் எப்போதும் காப்பாற்றியது என்ற எண்ணம் வந்துவிடும்.

இதற்குத் துணையாக ஒரு படம். 1829-30 வாக்கில் டாஸ்மேனியாவில் ஆளுநர் ஜார்ஜ் ஆர்தரின் ஆட்சி பலகைகளில் படம் வரைந்து மரங்களில் மாட்டியது. நான்கு அடுக்கு, மேலிருந்து கீழாகச் சித்திரக்கதை போலவே. முதல் அடுக்கில் இரு தரப்பும் கைகோத்து நிற்கிறார்கள். இரண்டாவதில் சந்திப்பு. மூன்றாவதில் பூர்வகுடி மனிதர் குடியேறியவரை ஈட்டியால் குத்துகிறார், தூக்கிலிடப்படுகிறார். நான்காவதில் குடியேறியவர் பூர்வகுடி மனிதரைச் சுடுகிறார், அவரும் தூக்கிலிடப்படுகிறார். சமநீதி என்று படம் சொல்கிறது. அந்தத் தீவில் பூர்வகுடி மனிதரைக் கொன்றதற்காகக் குடியேறிய எவரும் தூக்கிலேறவில்லை. எந்த அடுக்கு நடந்தது, எந்த அடுக்கு நடக்கவில்லை என்று மாணவர்களே தேடட்டும். நாடகமாக நடிக்க வைக்கவே கூடாது.

புத்தகம் படித்து முடித்ததும் புள்ளி ஓவியம் வரையச் சொல்லலாமா?

கூடாது. இதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. இன்று உலகம் அறிந்த புள்ளி ஓவியம் 1971இல் பாபுன்யாவில் தொடங்கிய இயக்கத்திலிருந்து வந்தது, பாலைவன மக்களுடையது. அந்த வடிவங்களுக்குச் சடங்கு சார்ந்த பொருளும் உரிமையும் உண்டு. சிட்னியைச் சுற்றி மணற்கல் பாறைகளில் செதுக்கிய திமிங்கலங்களும் மீன்களும்தான் அந்த மண்ணின் கலை. பிள்ளைகள் தங்கள் தெருவை, தங்கள் ஓடையை, தங்கள் பாணியில் வரையட்டும். அல்லது புத்தக ஓவியர் எந்த நிறத்தை எங்கே, ஏன் வைத்தார் என்று ஒரு பத்தி எழுதட்டும்.

'இறந்தவர்களின் பெயர்களும் படங்களும் இருக்கலாம்' என்ற எச்சரிக்கை எதற்கு?

பல சமூகங்களில் அண்மையில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும் படத்தைப் பார்ப்பதும் துக்க மரபுக்கு எதிரானது. வாசிக்கும் முன் அந்த எச்சரிக்கையை உரக்கப் படியுங்கள். விரும்பாத பிள்ளை அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்று சொல்லுங்கள்.

வகுப்பில் பூர்வகுடிப் பிள்ளை இருந்தால்? மூத்தவர்களை அழைப்பது எப்படி?

அந்தப் பிள்ளையை விளக்கம் சொல்லச் சொல்லாதீர்கள். பாடத்துக்கு ஒரு வாரம் முன்பே குடும்பத்திடம் புத்தகத்தைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

மூத்தவரை அழைக்கப் பள்ளி வழியாகப் போவது நல்லது. நியூ சவுத் வேல்சில் பூர்வகுடிக் கல்வி ஆலோசனைக் குழுக்கள் வட்டார அளவில் இருக்கின்றன. விக்டோரியாவில் வேயாய் என்ற பூர்வகுடிக் கல்வி அமைப்பு. கட்டணத்தை நீங்களே முதலில் கேளுங்கள். அவர்களுடைய அறிவும் நேரமும் இலவசம் அல்ல. பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் ஜூலை முதல் வார நைடாக் கொண்டாட்டத்தை ஒட்டி அழைத்தால் கிடைக்க மாட்டார்கள். இரண்டு மாதம் முன்பே பேசுங்கள். 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்று அவர்களை அழைப்பது மரியாதைச் சொல். அப்படி அழைக்கலாமா என்று கேட்டுவிட்டு அழையுங்கள். அந்த மண்ணுக்குரியவர்தான் வரவேற்புச் சடங்கு செய்ய முடியும். மண்ணுக்குரியவர்களை நினைவுகூர்ந்து மரியாதை செலுத்தும் உரையை யாரும் சொல்லலாம்.

தமிழ்ப்பள்ளியில் தமிழில் நடத்தும்போது என்ன கவனிக்க வேண்டும்?

அந்த மக்களின் பெயரை முதலில் சொல்லுங்கள்: காடிகல் மக்கள், தாருக் மக்கள். பொதுவாகச் சொல்லவேண்டிய இடத்தில் 'பூர்வகுடி மக்கள்'. 'காட்டுவாசி', 'நாகரிகமடையாத' போன்ற சொற்கள் தமிழ்ப் பேச்சில் தாமாக வந்து விழும். பாட்டி தாத்தா வகுப்புக்கு உதவ வந்தால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. பல ஆஸ்திரேலிய மொழிகளில் சொல்லின் முதலில் ங வரும். ட, ண, ள போன்ற நாமடி ஒலிகளும் உண்டு. ஆங்கிலத்தில் திணறும் 'ஙுன்னவல்' தமிழ் எழுத்தில் நேராக வந்துவிடும். அந்தச் சமூகம் வெளியிட்ட ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தைக் காட்டித் தமிழில் வாய்மொழியாக விளக்கலாம். மொழிபெயர்த்து அச்சிட்டுக் கொடுக்கப் பதிப்பகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.

உள்ளூரிலிருந்து தொடங்குங்கள். சிட்னியில் தமிழர் நிறைந்த துங்காபியில் 1790களில் கைதிகள் உழைத்த அரசுப் பண்ணை இருந்தது. நிலம் பறிபோனதை எதிர்த்து அதைத் தாக்கியவர் பிஜிகல் வீரர் பெமல்வுய். இன்று கிரேஸ்டேன்ஸ் பக்கத்தில் அவர் பெயரிலேயே ஒரு புறநகர் இருக்கிறது. பிளாக்டவுன் என்ற பெயருக்குப் பின்னாலும் 1823இல் அங்கே வந்த பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளி இருக்கிறது. அந்த நிலம் 2018இல் தாருக் மக்களிடம் திரும்பியது.

நூலகத்தில் உள்ள பழைய புத்தகங்களை என்ன செய்வது?

1970களுக்கு முந்தைய பல நூல்களில் 'மறைந்துவரும் இனம்' என்ற கருத்து இருக்கும். 1876இல் இறந்த ட்ருகனினியை 'கடைசி டாஸ்மேனியர்' என்று சொல்லும் எந்த நூலும் திறந்த அலமாரியில் இருக்கக் கூடாது; பலாவா மக்கள் இன்றும் அந்தத் தீவில் வாழ்கிறார்கள். எல்லாவற்றையும் வீசிவிட வேண்டியதில்லை. ஒன்றிரண்டை ஆசிரியர் அலமாரியில் வைத்து, 11 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய நூலின் படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். காலியான இடத்துக்குப் புதிதாக வாங்கும்போது ஆறு புத்தகம் போதும்: பள்ளி இருக்கும் மண்ணின் மக்கள் எழுதியது ஒன்று, இன்றைய குடும்ப வாழ்க்கை ஒன்று, கப்பல் வருகையைக் கரையிலிருந்து சொல்வது ஒன்று, போராட்டம் ஒன்று, திருடப்பட்ட தலைமுறை ஒன்று, டோரஸ் நீரிணைத் தீவுகளிலிருந்து ஒன்று. பணம் குறைவாக இருந்தால் முதல் இரண்டை முதலில் வாங்குங்கள்.